பச்சை விளக்கு சொல்லாத செய்தி
வீட்டில் மருத்துவக் கருவி இயங்கும் குடும்பங்களுக்கு, மின்கலம் மாற்றுவது குறித்துச் சில சொற்கள்

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை செல்லும் வழியில், சாலையை விட்டுச் சற்று உள்ளடங்கிய சிற்றூர் ஒன்றில் மூதாட்டி ஒருவர் வாழ்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக விறகடுப்புப் புகையில் சமைத்தவர். அதன் விளைவாக நுரையீரல் நலிந்தவர். நம் மருத்துவமனையிலிருந்து அவர் வீடு திரும்பியபோது, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் தொடர்ந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். குடும்பத்தார் ஆக்சிஜன் செறிவூட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தனர். மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, பேரனின் கணினிக்கென்று வாங்கி வைத்திருந்த யு.பி.எஸ். பெட்டி அவர்கள் கண்ணில் பட்டது. அதைப் பாட்டியின் கட்டிலருகே கொண்டுவந்து செறிவூட்டியை இணைத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது. வீட்டார் நிம்மதியுடன் உறங்கச் சென்றனர்.

சில நாள்கள் கழித்து, சித்திரை மாத நள்ளிரவில் மின்சாரம் நின்றது. யு.பி.எஸ். இரண்டு மூன்று முறை கூவியது. ஒரு நிமிடம் ஆவதற்குள் அடங்கிவிட்டது. செறிவூட்டியின் எச்சரிக்கை ஒலிதான் வீட்டாரை எழுப்பியது. பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றி, நம் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தபோது உதடுகள் நீலம் பாரித்திருந்தன. நல்வேளையாகப் பிழைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் அவருடைய மகன் எங்களிடம் கேட்டார்: "பச்சை லைட்டு எரிஞ்சுக்கிட்டுத்தானே இருந்துச்சுங்கய்யா? அப்புறம் எப்படி நின்னுபோச்சு?"

அந்தக் கேள்விக்கு உரிய விடையை அந்தக் குடும்பத்துக்கு முன்னதாகவே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். மருந்து எப்போது கொடுப்பது, முகக்குழாயை எப்படித் துடைப்பது என்றெல்லாம் விளக்கிய நாங்கள், அந்தக் கருவிக்கு உயிர் கொடுக்கும் மின்கலத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரையால் ஓரளவு நீக்க விரும்புகிறோம்.

கணினிக்கு வாங்கிய பெட்டி எதற்காக?

வீட்டுக் கணினியுடன் விற்கப்படும் யு.பி.எஸ். ஒரே ஒரு நோக்கத்துக்காக உருவானது. மின்சாரம் நின்றதும், செய்துகொண்டிருந்த வேலையைச் சேமித்துக் கணினியை முறையாக அணைக்கச் சில நிமிட அவகாசம் தருவதே அது. அதற்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள, மூடி முத்திரையிட்ட சிறிய ஈய-அமில மின்கலம். செங்கல்லைவிடச் சிறியது, இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடை.

அதில் எவ்வளவு ஆற்றல் அடங்கும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் கணக்கிடலாம். 12-ஐ 7-ஆல் பெருக்கினால் 84 வாட்-மணி. நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் ஆக்சிஜன் செறிவூட்டி ஏறத்தாழ 300 முதல் 350 வாட் மின்சாரம் உண்ணும். காகிதக் கணக்கின்படி கால் மணி நேரம் கிடைக்க வேண்டும். ஆனால் இத்தனை வேகமாக உறிஞ்சினால் சிறிய மின்கலம் தன் முழு ஆற்றலையும் தந்துவிடாது. மின்னோட்டத்தை மாற்றும்போதும் ஒரு பகுதி வீணாகும். ஆகவே புத்தம் புதிய மின்கலமே சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. செறிவூட்டியின் உள்ளே காற்றை அழுத்தும் மோட்டார் இருக்கிறது. அது கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பலமடங்கு மின்சாரத்தை இழுக்கும். சிறிய யு.பி.எஸ். அந்த இழுப்பிலேயே நின்றுவிடக்கூடும்.

எனவே முதல் செய்தி இது: கணினி யு.பி.எஸ். பெட்டியை ஆக்சிஜன் செறிவூட்டிக்குத் துணையாக நம்பாதீர்கள். அதற்கு ஏற்ற திறனுள்ள, சீரான அலைவடிவில் மின்சாரம் தரும் சைன் வேவ் இன்வெர்ட்டரும் பெரிய மின்கலமும் வேண்டும். அவற்றுடன் ஒரு ஆக்சிஜன் உருளையும் வேண்டும். 

பச்சை விளக்கு எதைக் காட்டுகிறது?

பச்சை விளக்கு காட்டுவது, மின்வாரியத்தின் மின்சாரம் பெட்டிக்குள் வந்துகொண்டிருக்கிறது என்பதையே. மின்கலத்தின் உடல்நிலை அதற்குத் தெரியாது. நோயாளி கண் திறந்திருக்கிறார் என்பதை மட்டும் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வதைப் போன்றது அந்த விளக்கை நம்புவது.

வோல்ட் அளவும் சில வேளை ஏமாற்றும். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் மின்கலம், முழுதும் ஏறிய நிலையில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். மூப்படைந்த மின்கலமும் அதே அளவைக் காட்டுவதுண்டு. ஆனால் சுமையைத் தூக்கச் சொன்னவுடன் அது சரிந்துவிடும். உட்கார்ந்திருக்கும்போது நலமாகத் தோன்றும் இதய நோயாளிக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது அல்லவா? அவரை நடக்கவிட்டுச் சோதிப்பதுபோல மின்கலத்தையும் சுமை கொடுத்தே சோதிக்க வேண்டும். அது எத்தனை நிமிடம் தாங்குகிறது என்பதே நம்பத்தக்க அளவு.

கரிசல் வெயிலும் மின்கலத்தின் ஆயுளும்

ஈய-அமில மின்கலத்தை 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும் என்ற அடிப்படை இன்றும் மாறவில்லை. மின்கலம் மின்சாரம் தரும்போது தகடுகளின் மீது ஈய சல்பேட் படிகிறது. மீண்டும் மின்னேற்றும்போது அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. நெடுநாள் மின்னேற்றாமல் கிடந்தாலும் அரைகுறையாகவே ஏற்றி வந்தாலும் அந்தப் படிவு இறுகிப் படிகமாகிவிடும். அதன்பின் அந்தப் பகுதி பயன்படாது. தகடுகளும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அரிக்கப்படுகின்றன.

இந்த மூப்பை விரைவுபடுத்துவது வெப்பம். நம் நாட்டில் இவ்வகை மின்கலங்களின் திறன் 27 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டே அளக்கப்படுகிறது. அதற்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது இத்துறையில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கணக்கு. 27 டிகிரியில் நான்கு ஆண்டு உழைக்கும் மின்கலம், எப்போதும் 37 டிகிரியிலேயே இருந்தால் இரண்டு ஆண்டில் ஓய்ந்துவிடும்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் என்று விரியும் இந்தக் கரிசல் வட்டாரத்துக் கோடை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரையின் அடியில், மேற்குச் சுவரை ஒட்டி, காற்றுப் புகாத அலமாரிக்குள் பெட்டியை வைத்தால் வெளியில் உள்ள வெயிலைவிட அது கூடுதலாகக் காயும். விற்பவர் சொன்ன ஆயுள் காலம் அத்தகைய இடத்தில் பொருந்தாது. வீட்டில் எந்த மூலை குளிர்ச்சியாக இருக்கிறதோ அங்கே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் வெயில் படாமல் வையுங்கள். மேலே துணியைப் போர்த்த வேண்டாம்.

கரிசல் மண்ணால் வரும் இன்னொரு தொல்லையும் உண்டு. கோடையில் மண் வறண்டு பாளம் பாளமாக வெடிக்கும்போது, நிலத்தில் புதைத்த எர்த் கம்பியை விட்டு மண் விலகிவிடும். எர்த் இணைப்பு வலுவிழக்கும். மருத்துவக் கருவி இயங்கும் வீட்டில் எர்த் இணைப்பு நோயாளியின் பாதுகாப்பைச் சார்ந்தது. கோடையில் எர்த் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மின்பணியாளரைக் கொண்டு சோதியுங்கள்.

நிமிடச் சோதனை

இதைப் பகலில், வீட்டில் இருவர் இருக்கும்போது செய்யுங்கள். ஆக்சிஜன் பெறும் நோயாளி இருந்தால், மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொண்டு, முதலில் அவரை உருளை ஆக்சிஜனுக்கு மாற்றிவிடுங்கள். நோயாளியோடு இணைந்திருக்கும் கருவியை வைத்து ஒருபோதும் சோதிக்கக் கூடாது.

கருவி வழக்கம்போல ஓடட்டும். இன்வெர்ட்டருக்கு மின்சாரம் தரும் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் எர்த் இணைப்பும் துண்டிக்கப்படும். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள். மின்கலம் தளர்ந்துவிட்டது என்று எச்சரிக்கை ஒலி வந்ததும் சுவிட்சைப் போட்டுவிட்டு, எத்தனை நிமிடம் தாங்கியது என்று எழுதிவையுங்கள். மின்கலம் புதிதாக வந்த முதல் வாரத்தில் ஒருமுறை இதைச் செய்து, அந்த எண்ணைப் பெட்டியின் மீதே எழுதி ஒட்டுங்கள். பிறகு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை முழுச் சோதனை போதும். இடையில் மாதந்தோறும் 15 நிமிடச் சிறு சோதனை செய்யலாம். அமாவாசையோ முதல் ஞாயிறோ, வீட்டார் மறக்காத ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

புதிதில் கிடைத்த நிமிடங்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே இறங்கினால், மாற்றுவதற்குப் பணம் ஒதுக்கத் தொடங்குங்கள். பாதிக்கு இறங்கிவிட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். மின்கலத்தின் பக்கங்கள் உப்பியிருந்தாலும், அமிலம் கசிந்திருந்தாலும், அழுகிய முட்டை நாற்றம் வந்தாலும், தொட முடியாத அளவுக்குச் சுட்டாலும் சோதனை எதுவும் வேண்டாம். உடனே அணைத்துவிட்டுப் பணியாளரை அழையுங்கள்.

சிறிய யு.பி.எஸ். பெட்டியில் மின்கலம் மாற்றும் முறை

கணினிக்கும், நோயாளியின் காற்று மெத்தைக்கும், இணைய இணைப்புப் பெட்டிக்கும் இந்தச் சிறிய யு.பி.எஸ். நன்றாகவே உதவும். காற்று மெத்தையின் பம்பு 10 வாட் அளவே உண்ணும். இப்பெட்டியின் மின்கலத்தை மாற்றுவது கடினமன்று. சில வகைகளில் அடிப்பக்கத்துக் கதவைத் தள்ளினால் மின்கலம் வெளியே வரும். அவற்றை வீட்டிலேயே மாற்றலாம். முழு மேலுறையையும் கழற்ற வேண்டிய வகையாயின் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உள்ளே சில பாகங்களில் ஆபத்தான அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

முதலில் பழைய மின்கலத்தின் மீது அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர்-மணி அளவுகளையும் முனையின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். புதியது அதே அளவில் இருக்க வேண்டும். பெரியதாகப் போட்டால் நீண்ட நேரம் கிடைக்கும் என்று சிலர் பெட்டிக்கு வெளியே பெரிய மின்கலத்தை இணைப்பதுண்டு. நீண்ட நேரம் ஓடும்படி அந்தப் பெட்டி வடிவமைக்கப்படவில்லை; சூடேறிக் கருகிவிடும். கடையில் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பார்த்து வாங்குங்கள். ஓராண்டாக அலமாரியில் கிடந்த மின்கலம் விலை குறைந்தாலும் வேண்டாம்.

மாற்றும் நாளில் கைவளையல், மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். கழுத்துச் சங்கிலியைச் சேலைக்குள்ளோ சட்டைக்குள்ளோ செருகிக்கொள்ளுங்கள். மின்கலத்தின் இரு முனைகளையும் ஓர் உலோகம் ஒருசேரத் தொட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து சதையைச் சுட்டுவிடும். யு.பி.எஸ். பெட்டியை அணைத்து, அதனோடு இணைந்த கருவிகளை நீக்கி, பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் எந்தக் கம்பி எங்கே இருந்தது என்ற ஐயம் எழாது. முதலில் கறுப்புக் கம்பியைக் கழற்றுங்கள், பிறகு சிவப்பை. புதியதைப் பொருத்தும்போது சிவப்பை முதலிலும் கறுப்பைக் கடைசியிலும் மாட்டுங்கள். கடைசி இணைப்பில் சிறு பொறி தெறிப்பது இயல்பே. சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் பெட்டியே பாழாகும். பெட்டிக்குள் இரண்டு மின்கலங்கள் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டினால் என்ன ஆகும் என்பது கரிசல் உழவருக்குத் தெரியும்.

மாற்றிய பிறகு குறைந்தது எட்டு மணி நேரம் மின்னேற விடுங்கள். அதன்பின் நிமிடச் சோதனை செய்து, மாற்றிய தேதியையும் நிமிடத்தையும் பெட்டியில் எழுதுங்கள்.

இன்வெர்ட்டரின் பெரிய மின்கலம்

வீடுகளில் பரவலாக உள்ள 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூப்ளர் மின்கலத்தில் 1,800 வாட்-மணி அடங்கும். இழப்புகளைக் கழித்து, அடிமட்டம் வரை வறளவிடாமல் பயன்படுத்தினால், புதியதாக இருக்கும்போது 350 வாட் செறிவூட்டியை மூன்று மணி நேரத்தை ஒட்டித் தாங்கும். அதே இன்வெர்ட்டரில் இரண்டு விசிறியும் தொலைக்காட்சியும் ஓடினால் அந்த நேரம் சுருங்கும். மின்தடையின்போது நோயாளியின் கருவிக்கே முதல் உரிமை என்று வீட்டில் அனைவருக்கும் சொல்லிவையுங்கள். இன்வெர்ட்டரின் பின்புறத்தில் 'யு.பி.எஸ்.' என்றும் 'நார்மல்' என்றும் இரு நிலைகளுள்ள சுவிட்ச் இருந்தால், கருவி விற்பவரிடம் கேட்டு உரிய நிலையில் வையுங்கள். யு.பி.எஸ். நிலையில் மின்சாரம் மாறும் இடைவெளி மிகக் குறைவு.

இந்த மின்கலத்துக்கு நீர் ஊற்ற வேண்டும். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறையும் கோடையில் மாதம் ஒருமுறையும் மிதவையைப் பாருங்கள். குறைந்திருந்தால் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே குறியீடு வரை ஊற்றுங்கள். நம் பக்கத்துக் கிணற்று நீரின் உப்பும் கடினத்தன்மையும் தகடுகளைக் கெடுத்துவிடும். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரும் குடிக்கத்தான் நல்லது, மின்கலத்துக்கு ஆகாது. அமிலத்தை ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

மின்னேறும்போது இவ்வகை மின்கலத்திலிருந்து ஹைட்ரஜன் வளி வெளியேறும். சிறு பொறியிலும் அது வெடிக்கும். காற்றோட்டமுள்ள இடத்தில், நோயாளி படுக்கும் அறைக்கு வெளியே வைப்பதே நல்லது. தீப்பெட்டித் தொழிலால் பிழைக்கும் வட்டாரம் நம்முடையது. பல வீடுகளில் தீப்பெட்டி வேலை நடக்கிறது. அந்த வேலைக்குரிய பொருள்கள் மின்கலத்தின் அருகிலோ ஆக்சிஜன் உள்ள அறையிலோ இருக்கவே கூடாது. ஆக்சிஜன் தானே எரியாது. ஆனால் எரியும் பொருளை வெறிகொண்டு எரியச் செய்யும். பூசை விளக்கு, ஊதுபத்தி, பீடி, அடுப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பெரிய மின்கலத்தின் எடை 50 கிலோவைத் தாண்டும். அதை மாற்றும் வேலையைப் பயிற்சி பெற்ற பணியாளரிடமே விடுங்கள். ஆனால் ஒன்றை நீங்கள்தான் கவனிக்க வேண்டும்: மாற்றும் அந்த நேரத்தில் வீட்டில் துணை மின்சாரம் இல்லை. புதியது முழுதாக ஏறும் வரை அன்றிரவும் பாதுகாப்பு குறைவே. எனவே முற்பகலில் மாற்றுங்கள். நிறைந்த உருளை கையிருப்பில் இருக்கட்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் தொடர்ந்து கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கழுவிய கையோடு மருத்துவமனைக்கு வாருங்கள்.

மின்கலமும் தீர்ந்துபோனால்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட பெருமழையை நாம் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை; சாலைகளும் துண்டிக்கப்பட்டன. வறண்ட பூமி என்று பெயர் பெற்ற கோவில்பட்டிப் பகுதியும் அந்த மழைக்குத் தப்பவில்லை. எத்தனை பெரிய மின்கலமானாலும் அத்தகைய நாள்களில் சில மணி நேரத்துக்கே வழிசெய்யும். மீதி நேரத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

ஆக்சிஜன் பெறுவோர் வீட்டில் 'பி' வகை உருளை ஒன்று எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். அதில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் அடங்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 12 மணி நேரத்துக்கு வரும். உருளையை நிமிர்த்திச் சுவரோடு சங்கிலியால் கட்டுங்கள். அதைத் திறக்கும் சாவியை உருளையிலேயே தொங்கவிடுங்கள். இருட்டில் சாவியைத் தேடி அலைந்த குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அளவுமானியைப் பொருத்தித் திறக்க வீட்டில் இருவருக்கேனும் பழக்கம் இருக்கட்டும். எங்கள் செவிலியரிடம் கேட்டால் கற்றுத் தருவார்கள்.

நெபுலைசர் பயன்படுத்துவோர், மின்சாரம் இல்லாதபோது ஸ்பேசருடன் இன்ஹேலர் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவையுங்கள். உறக்கத்தில் முகமூடிவழிக் காற்று செலுத்தும் கருவி வைத்திருப்போர், ஈரப்பதமூட்டும் சூட்டுத் தட்டை அணைத்தால் மின்கலம் நெடுநேரம் தாங்கும். அணைக்கலாமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். இன்சுலினுக்கு இன்வெர்ட்டர் தேவையில்லை. குளிர்பதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேலும் நீடித்தால், ஈரமணலில் வைத்த மண்பானைக்குள், நீர் படாதபடி உறையிட்டு வையுங்கள். பெட்ரோல் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்போர் அதை வீட்டுக்குள்ளோ சன்னலருகிலோ ஓட்ட வேண்டாம். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

ஒரு தாளில் இவற்றை எழுதி நோயாளியின் கட்டிலுக்கு மேலே ஒட்டுங்கள்: மின்கலம் தாங்கும் நிமிடங்கள்; உருளை தாங்கும் மணி நேரம்; மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987; அவசர ஊர்திக்கு 108; உருளை நிரப்பித் தருபவரின் எண்; நம் மருத்துவமனையின் எண். மின்கலத்தின் நேரம் பாதி கழிந்தும் மின்சாரம் வரவில்லையென்றால், மீதிப் பாதி முடியும் வரை காத்திராமல் அப்போதே உருளைக்கு மாறுங்கள். உருளை பாதியானதும் எங்களை அழையுங்கள். உதடு நீலம் பாரித்தாலோ, மயக்கமோ குழப்பமோ தோன்றினாலோ உருளைக்கு மாற்றிய கையோடு 108-ஐ அழையுங்கள்.

பழைய மின்கலத்தை என்ன செய்வது?

அதில் ஈயமும் அமிலமும் உள்ளன. ஈயம் சிறுவரின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பழைய மின்கலத்தைக் குப்பையில் வீசாதீர்கள். கொல்லையில் உடைத்து ஈயம் எடுப்பவரிடம் கொடுக்காதீர்கள். 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்பட்ட மின்கலங்களைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் கடமை; மற்றக் குப்பையோடு கலக்காமல் உரியவரிடம் ஒப்படைப்பது நம் கடமை. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் அதன் மதிப்பை விலையில் கழித்துக்கொள்வார்கள்.

இதைச் செலவு என்று தயங்கும் குடும்பங்களையும் நாங்கள் அறிவோம். நோயாளியின் மருந்துக்கே கடன் வாங்கும் வீட்டில், இன்னும் உழைப்பதுபோல் தோன்றும் மின்கலத்தை மாற்றச் சொல்வது எளிதன்று. அதனால்தான் நிமிடச் சோதனையை வலியுறுத்துகிறோம். சோதனை செய்பவருக்குச் செலவு திடீரென்று வராது; ஐந்தாறு மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும், சிறுகச் சிறுகச் சேர்க்கலாம். இன்வெர்ட்டர் வாங்க வழியே இல்லாதவர்கள் எங்களிடம் மனம் திறந்து சொல்லுங்கள். உருளையை மட்டும் நம்பி வீட்டில் சமாளிக்க முடியுமா, மின்தடை அறிவித்த நாளில் மருத்துவமனைக்கு வந்துவிடலாமா என்று சேர்ந்தே ஆராய்வோம்.

அந்தச் சிற்றூர் வீட்டுக்குப் பிறகு நாங்கள் மீண்டும் சென்றோம். யு.பி.எஸ். பெட்டி புதிய மின்கலத்துடன் பேரனின் கணினி மேசைக்கே திரும்பியிருந்தது. கூடத்தின் வடக்கு மூலையில், சன்னலுக்கு அடியில் இன்வெர்ட்டர் இருந்தது. அதன் மேல் ஒட்டிய தாளில் மாணவனின் கையெழுத்தில் மூன்று வரிகள்: முதல் சோதனை 168 நிமிடம், அடுத்தது 166, அதற்கடுத்தது 165. "இது நூத்தி முப்பத்தஞ்சுக்கு வந்தா எங்கிட்ட சொல்லணும்னு சொல்லியிருக்கேன்" என்றார் மகன். கட்டிலில் சாய்ந்திருந்த பாட்டி, சங்கிலியில் கட்டிய உருளையைக் காட்டி, அதன் சாவி எங்கே தொங்குகிறது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

உங்கள் வீட்டு மின்கலத்தின் மீது ஒரு மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். இன்று மாலை அதைப் பார்த்து எழுதிவையுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, மருந்துச் சீட்டோடு அந்தத் தேதியையும் கொண்டுவாருங்கள். இனி நாங்களும் மறவாமல் கேட்போம்.